ப. தாமரைச்செல்வியின் தமிழ்

கண் விழித்த செல்வி, கட்டிலருகே நின்ற அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"எப்பா, எப்ப வந்திய? சாப்ட்டியளா?"

பழனிச்சாமி திரும்பி வாசலைப் பார்த்தார். வேறு யாரோ உள்ளே வந்து பேசியதாக நினைத்துவிட்டார். வாசலில் யாரும் இல்லை. ரெஜினா மட்டும், கையெழுத்து வாங்க வேண்டிய கோப்பை மார்போடு அணைத்தபடி சுவரோரம் நின்றிருந்தாள்.

"அங்க என்னத்தப் பாக்கிய? நான்தான் பேசுதேன்."

காங்கேயத்துப் பக்கம் தேங்காய்க் களம் வைத்திருக்கும் மனிதர் அவர். இரண்டு வருடம் இந்த நாளுக்காகக் காத்திருந்தவர். மகளுக்குப் பதில் சொல்லாமல் நேராக ரெஜினாவிடம் வந்தார்.

"மேடம், மொகம் என்ற புள்ள மொகந்தானுங். பேச்சு என்ற புள்ள பேச்சில்லீங்."

நொய்யல் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு உறவுகள் பிரிவில் ரெஜினா கண்காணிப்பாளர். இருபத்தாறு வருடங்களில் நானூறுக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கடல் தாண்டி அனுப்பியவள். அவள் தாண்டிய கடல் பாம்பன் பாலத்துக்குக் கீழே இருப்பது மட்டும்தான்.

மொழி வைப்பு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. எஸ்தோனியக் கடற்கரையில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தோடு கடற்பாசி ஆராய்ச்சிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஆங்கிலத்திலேயே நடத்தலாமே என்று முதல் கூட்டத்தில் நம் பக்கம் கேட்டார்கள். எங்கள் கடலைப் பற்றி எங்கள் மொழியில்தான் எழுதுவோம் என்றார்கள் அவர்கள். அதைக் கேட்டு அப்போதைய துணைவேந்தர் கைதட்டினார். அந்த மொழியைப் படித்துத் தேற ஐந்து வருடம் ஆகும். மூளையில் ஏற்றினால் பதினோரு நாள். ஆனால் அந்த இடத்தில் ஒன்றுதான் உட்காரும். ஏற்கெனவே அங்கே இருக்கும் தாய்மொழியை எழுப்பி வெளியே எடுத்து, நம் பல்கலைக்கழகத்தின் வைப்பகத்தில் பத்திரப்படுத்த வேண்டும். திரும்பி வந்ததும் அவரவர் மொழி அவரவருக்கு.

இடைப்பட்ட காலத்தில் வீட்டோடு பேசுவதற்கு ஒரு மொழிபெயர்ப்புக் கருவி கொடுத்தார்கள். "தந்தையே, நான் நலமாக உள்ளேன். இங்கு பனி பொழிகிறது" என்று அது சொல்லும்.

"செய்தி வாசிக்கற மாதிரியே பேசுதுங் மேடம்" என்று மாதம் ஒருமுறை பிரிவுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார் பழனிச்சாமி. வரும்போது ஒரு பையில் நாலு தேங்காய் கொண்டு வருவார்.

"ரெண்டு வருசந்தானுங்களே" என்பாள் ரெஜினா. எல்லாப் பெற்றோருக்கும் சொல்லும் அதே வாக்கியம்.

அங்கிருந்து இங்கே வருகிற மாணவர்களுக்குத் தமிழ் கொடுப்பதும் அவள் பிரிவின் வேலைதான். வைப்பில் இருப்பதை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாற்றலாமே தவிர, நகல் எடுக்க முடியாது. அதனால் இறந்தவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போன தமிழைத்தான் கொடுத்தார்கள், கண்தானம் மாதிரி. இதுவரை கிடைத்த கொடை ஒன்றே ஒன்று. ஓய்வுபெற்ற வானொலி அறிவிப்பாளர் ஒருவருடையது. ஒரு மாணவர் போனதும் அடுத்தவர் வாயில் அது ஏறும். வருடா வருடம் யாராவது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கேன்டீன் வாசலில் நின்று, "அன்புடையீர், சட்னி சற்றுக் கூடுதலாகக் கிடைக்குமா?" என்று கேட்கும். "அன்புடையீருக்கு ஒரு ரோஸ்ட்டேய்" என்று உள்ளே குரல் கொடுப்பார் கேன்டீன் மணி.

வைப்பகத்து டாக்டர் நவாஸ், பழனிச்சாமியை வெளியே உட்கார வைத்துவிட்டு, ரெஜினாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"வைப்பு மாறிப் போச்சு மேடம். ப. தாமரைச்செல்வின்னு ரெண்டு இருக்கு. ஒரே துறை, ஒரே பேரு, ஒரே இனிஷியல்."

ரெஜினாவுக்கு உடனே வைப்பகத்தின் பதிவுப் படிவம் ஞாபகம் வந்தது. அந்தப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. நம் ஊரில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? எல்லோருக்கும் முதலெழுத்தைப் போட்டு அனுப்பிப் பழகியிருந்தாள். ஒன்பது வருடமாக அப்படித்தான். வைப்பகத்திலிருந்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னொரு பொண்ணு யாருன்னு தெரியுதா?" என்றார் நவாஸ்.

தெரியும். ப என்றால் பரமசிவம். ஆறுமுகநேரிக்காரி. வீட்டில் தாமரை என்று கூப்பிடுவார்கள். செல்விக்கு ஒரு வருடம் முன்னால் போனவள். இரண்டாவது குளிர்காலத்தில் கடற்கரைச் சாலையில் கார் பனியில் வழுக்கியது. பெட்டியில் வந்த உடலுக்கு விமான நிலையத்தில் கையெழுத்துப் போட்டவள் ரெஜினாதான். அவளுடைய தமிழை அழித்துவிடச் சொல்லி விதிப்படி கடிதமும் எழுதினாள். அந்தப் பெயரில் இரண்டு இருக்கிறதே, எதை அழிப்பது என்று வைப்பகம் கேட்டு அனுப்பிய பதில், தர மதிப்பீட்டுக் குழு வந்த வாரத்தில் வந்தது. பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தாள்.

"நினைவு எதுவும் வராதில்லீங்களா?"

"வராது. பேச்சு மட்டுந்தான். ஆனா பேச்சுன்னா சும்மாவா மேடம்? எங்க மூச்சு விடணும், எதுக்கு இழுக்கணும், யாரை எப்படிக் கூப்பிடணும், எல்லாம் அதுலதான இருக்கு."

"திருப்பி மாத்திரலாமா?"

"தொண்ணூறு நாளுக்குள்ள. அயல்மொழின்னா எப்ப வேணா எடுக்கலாம், இது தாய்மொழிங்கறதால அப்புறம் வேர் விட்டுரும், எடுக்க முடியாது. எடுத்தா இந்தப் பொண்ணுக்கு அவளோடது வந்துரும். அந்தப் பொண்ணோடதை அழிக்கணும். எடுக்கறதுக்கு இந்தப் பொண்ணு கையெழுத்து; ஒரு தடவ இன்னொருத்தர் வாயில ஏறிட்டதால, அழிக்கறதுக்கு வாரிசு கையெழுத்தும் வேணும்." நவாஸ் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தம்மாகிட்ட நீங்கதான் போய்ச் சொல்லணும்."

செல்வி தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். இதுவரை மேடம் என்று கூப்பிட்டவளுக்கு இப்போது ரெஜினா அக்கா ஆகிவிட்டிருந்தாள்.

"எக்கா, யாரு பேச்சுன்னு தெரியாம அத வாயில வச்சிக்கிட்டு எப்பிடி அலைவேன்? நானும் வருதேன். அங்ஙன வந்து வாயத் தொறக்க மாட்டேன், சரியா?"

தாமரையின் அம்மா சுடலைவடிவு, ஆறுமுகநேரியில் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். கணவர் இல்லை. அவர்கள் போனபோது சமையல் கூடத்தில் முட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். ரெஜினா நீட்டிய தாளை வாங்கி, எண்ணிய கணக்கு மறந்துபோகாமல் இருக்க நாற்பத்தெட்டு என்று சுவரில் கரித்துண்டால் எழுதிவிட்டு, படித்தாள். முழுவதும் படித்த பிறகும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"செத்துப் போனவ பேச்ச அழிக்கதுக்கு உயிரோட இருக்கவ கையெழுத்தா?" என்றாள். "அப்ப இவ்வளவு நாளும் அது இருந்துச்சா?"

ரெஜினா ஆமென்று தலையசைத்தாள். சுடலைவடிவு அடுப்பின் பக்கம் திரும்பி, ஏதோ ஞாபகத்தில், துணி இல்லாமல் குண்டான் மூடியைப் பிடிக்கப் போனாள்.

"எம்மா, பைய! சுட்டுரும்லா!"

செல்விதான். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுடலைவடிவின் கை அந்தரத்தில் நின்றது. திரும்பி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. கொதிக்கிற சாம்பாரைப் பார்த்தபடியே நின்றாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

"என்னத்தம்மா?"

"எதையாவது."

செல்வி ரெஜினாவைப் பார்த்தாள். பிறகு, இந்தக் கூடத்தில் புகை போக வழி இல்லையா, ஜன்னல் ஒன்று போடக் கூடாதா, கண் எரிகிறதே என்று ஏதேதோ சொன்னாள். சுடலைவடிவு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கடைசியில் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தொண்ணூறு நாளு இருக்குன்னுல்லா போட்டிருக்கு. இருக்கட்டும்."

அன்றிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்குச் செல்விக்குப் போன் வந்தது. பெரிதாக ஒன்றும் இருக்காது. இன்றைக்கு என்ன குழம்பு, உப்பளத்தில் மழை பெய்துவிட்டது, பக்கத்து வீட்டு ஆடு துணியைத் தின்றுவிட்டது. அரை மணி நேரம். தன்னைப் பற்றியோ தாமரையைப் பற்றியோ சுடலைவடிவு பேசுவதில்லை. கேள்வி கேட்பாள், பதிலைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

எழுபதாம் நாள் பழனிச்சாமி பிரிவுக்கு வந்தார். பையில் தேங்காய் இல்லை.

"ஆறு மணி ஆனா போனுங். சிரிச்சுச் சிரிச்சுப் பேசுது. பொறவு என்ற பக்கத்துல வந்து ஒக்காருது. எனக்கும் பேச்சு வரமாட்டீங்குது, அவளுக்கும் வரமாட்டீங்குது. நான் அந்தம்மாவக் கொற சொல்லலீங். பெத்தவ." நாற்காலியின் கைப்பிடியைத் தேய்த்தார். "போறப்ப 'போயிட்டு வரனுங்ப்பா'ன்னு சொல்லிட்டுப் போனா. அந்தப் பேச்சு திரும்பி வரும்னு ரெண்டு வருசம் நாள எண்ணுனனுங். இப்ப எதுக்கு எண்றதுன்னு தெரீலீங் மேடம்."

ரெஜினா செல்வியை வரவழைத்தாள். அந்தப் பெண் இளைத்திருந்தாள்.

"உன் அப்பாவ நெனச்சுப் பாத்தியா?"

"நெனைக்காம இருப்பேனாக்கா? ராத்திரி எனக்குள்ளயே பேசிப் பாக்கேன், எங்க ஊரு மாதிரி. நாக்கு வளைய மாட்டேங்கு. ஆனா எங்கப்பாவுக்கு நான் இருக்கேன்லா. கண்ணுக்கு முன்னால நடக்கேன், திங்கேன். அந்த அம்மைக்கு இது மட்டுந்தானக்கா இருக்கு. நான் எடுத்துட்டேன்னா ஆறு மணிக்கு யாருக்குப் போன் போடுவாவ?"

"அதுக்காக நீ வாழ்நாள் பூரா இன்னொருத்தி பேச்சப் பேசுவியா?"

"தெரியலக்கா" என்றாள் செல்வி. கண் நிறைந்திருந்தது. "எனக்குக் கையெழுத்துப் போட முடியல."

நாட்கள் போயின. வைப்பகத்திலிருந்து இரண்டு நினைவூட்டல்கள் வந்தன. இந்த முறை ரெஜினா இரண்டுக்கும் அன்றன்றே பதில் எழுதினாள். பதிலில் எழுத எதுவும் இல்லை.

எண்பத்தாறாம் நாள் காலை, முன்னறிவிப்பு இல்லாமல் சுடலைவடிவு வந்து நின்றாள். ராத்திரி ரயிலில் வந்திருந்தாள். கையில் ஒரு கட்டைப்பை, அதில் ஒரு பொட்டலம் மஸ்கோத்து அல்வா. செல்வியின் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றாள். ரெஜினா போன் செய்ய, பழனிச்சாமி களத்துத் தூசியோடு அப்படியே பஸ் ஏறி வந்தார்.

இரண்டு பேரும் ரெஜினாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"அண்ணாச்சி" என்றாள் சுடலைவடிவு. "ஒங்க மக பேச்சு எப்பிடி இருக்கும்?"

பழனிச்சாமி இதை எதிர்பார்க்கவில்லை. ரெஜினாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"களத்துக்குச் சோறு கொண்டாருவாளுங். வந்து நின்னுக்கிட்டு, 'ஏனுங்ப்பா, இந்த வெயில்ல மண்டையில ஒரு துண்டு போட்டா கொறஞ்சா போயிருவீங்?' அப்படிம்பாளுங்." மகள் குரலில் சொல்லப் பார்த்தார். வரவில்லை. அந்த முரட்டுக் குரல் பாதியில் உடைந்தது. வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சுடலைவடிவு கட்டைப்பையைத் திறந்து தாளை எடுத்தாள். மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது. கையெழுத்துப் போட்டே கொண்டு வந்திருந்தாள்.

"முந்தாநேத்து போன்ல பேரு மாத்திக் கூப்ட்டுட்டேன். 'ஏட்டி தாமர'ன்னுட்டேன். அந்தப் புள்ள 'என்னம்மா'ன்னு கேட்டுச்சு. ஒரு நிமிசம் எனக்கு எல்லாம் சரியாப் போச்சுன்னு இருந்துச்சு பாத்துக்கிடுங்க." தாளை ரெஜினா பக்கம் தள்ளினாள். "அப்பதான் பயந்துட்டேன். நம்ம புள்ளைக்காக இன்னொருத்தர் புள்ளையத் தின்னுரக் கூடாதுல்லா. மாத்திருங்க."

செல்வியும் கையெழுத்துப் போட்டாள். எண்பத்தெட்டாம் நாள் மாற்றினார்கள். செல்வி கண் விழித்து, அப்பாவைப் பார்த்து, "வந்துட்டனுங்ப்பா" என்றாள். பழனிச்சாமி தலையை ஆட்டினார். பிறகு ஜன்னலுக்குப் போய் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வண்டி நிறுத்தும் இடத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

அன்று ஆறு மணிக்குச் செல்வியே ஆறுமுகநேரிக்குப் போன் செய்தாள். "அம்மா, நான் செல்விங்மா. சாப்ட்டீங்ளா?" எதிர்முனையில் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஒம் பேச்சும் நல்லாத்தான் இருக்கு மக்கா" என்று வந்தது. அடுத்த வாரம் ஒருமுறை பேசினார்கள். அதன் பிறகு பொங்கலுக்கு.

தாமரையின் தமிழ் மறுபடி வைப்பகத்தில் இருந்தது. முப்பது நாளுக்குள் அழிக்க வேண்டும். ஆணையில் ரெஜினா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டுக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவள் பேனாவைத் திறந்தாள், மூடினாள். வானொலி அறிவிப்பாளரின் கொடைப் பத்திரத்தைத் தேடி எடுத்து, விதிகளைப் படித்தாள். இறந்தவர் எழுதி வைக்காவிட்டால் வாரிசு கொடுக்கலாம் என்று ஏழாவது பத்தியில் இருந்தது. மதியம் சுடலைவடிவுக்குப் போன் செய்து விவரம் சொன்னாள்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்று அவள் வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்துப் படிவம் தபாலில் வந்தது. பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தது.

"குடுங்க. யாரு வாயிலயாவது இருக்கட்டும். ஆனா அந்தப் புள்ள எங்க வீட்டுக்கு வரக் கூடாது. எனக்குப் போன் போடவும் கூடாது. இன்னொரு தடவ என்னால முடியாது."

ரெஜினா வைப்பகப் பதிவைத் திறந்தாள். கொடையாளர் பெயர். குடும்பப் பெயர். இந்த முறை எழுத்தை மிச்சம் பிடிக்கவில்லை. கட்டத்தில் இடம் உள்ளவரை அடித்தாள்: ஆறுமுகநேரி பரமசிவம் சுடலைவடிவு தாமரைச்செல்வி.

ஆகஸ்டில் எஸ்தோனியாவிலிருந்து மாரிட் என்ற பெண் வந்தாள். ஆறடி உயரம், வைக்கோல் நிற முடி. கடற்பாசி ஆராய்ச்சிக்காக மன்னார் வளைகுடாவுக்குப் போகிறவள். வைப்பகத்தில் பதினோரு நாள் இருந்துவிட்டு, காவல் துறைப் பதிவுப் படிவத்தோடு பிரிவுக்கு வந்தாள். அவளுக்கு முன்னாலேயே கேன்டீன் மணி ஓடி வந்து சேதி சொல்லியிருந்தார்.

"மேடம், அன்புடையீர்னு கேக்கும்னு கரண்டியோட நின்னுட்டிருக்கறனுங். 'அண்ணாச்சி, சட்னிய நல்லா ஊத்துங்க, பிசினாரித்தனம் பண்ணாதிய'ங்குது!"

மாரிட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எக்கா, இதுல எங்ஙன கையெழுத்துப் போடணும்? நாலு பக்கமும் ஒரே கேள்வியத்தான் சுத்திச் சுத்திக் கேக்கான்."

ரெஜினா கை நீட்டிப் படிவத்தை வாங்கப் போனபோது அவளுடைய போன் அடித்தது. ஆறுமுகநேரி.

"மேடம், இன்னைக்குத்தான அந்தப் புள்ளைக்கு முடியும்னு சொல்லிருந்திய?"

"ஆமாங்க."

"பேசுதாளா?"

"எதிர்லதான் உக்காந்திருக்கா."

தூரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தட்டுகளை அலம்பும் ஓசை.

"அவட்ட குடுக்க வேண்டாம். நான் இருக்கேன்னு சொல்லவும் வேண்டாம்" என்றாள் சுடலைவடிவு. "வச்சிராம, அப்பிடியே மேச மேல போட்டு வையிங்க."

ரெஜினா போனை மேசைமேல், மாரிட்டின் பக்கமாக வைத்தாள். பேனா தாங்கியைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"முக்கியமான போனாக்கா? நான் வேணா வெளிய நிக்கட்டா?"

"இல்லம்மா, பேசி முடிச்சாச்சு. உன் வேலையப் பாக்கலாம்."

"இந்த ஒரு கையெழுத்து மட்டும் எங்ஙனன்னு சொன்னா, வெரசாப் போட்டுட்டுப் போயிருவேன்."

கையெழுத்து இடம் நாலாம் பக்கத்தின் அடியில் இருந்தது. ரெஜினாவுக்கு அது மனப்பாடம். அவள் படிவத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பி மாரிட்டின் முன்னால் வைத்தாள்.

"அவசரமில்ல. ஒவ்வொரு கேள்வியா என்ன கேட்டிருக்கு, நீ என்ன எழுதறேன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே நிரப்பு."

"எல்லாத்தையுமாக்கா?"

"ஆமா" என்றாள் ரெஜினா. "எல்லாத்தையும்."